சோழமண்டலக் கரையும் பறவை வகைப்பாட்டின் வரலாறும்

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள வயல்களில் உழவு நடக்கும்போது ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னால் வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக நடந்து வரும். மேயும் மாடுகளின் கால்களை ஒட்டியும், சில வேளைகளில் அவற்றின் முதுகின் மேலும் நிற்கும் இப்பறவையை மக்கள் உண்ணிக்கொக்கு என்றும் மாட்டுக்கொக்கு என்றும் அழைக்கின்றனர். மாட்டின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் என்பதால் வந்த பெயர் இது. ஆனால் மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளும் பிற பூச்சிகளுமே இதன் முதன்மை உணவு. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் எவரும் நின்று பார்க்காத இந்தச் சாதாரணக் கொக்கின் அறிவியல் பெயர் ஆர்டியா கொரோமாண்டா. கொரோமாண்டல் என்பது ஐரோப்பியர் வாயில் திரிந்த சோழமண்டலம். முதுகுன்றம், பழமலை என்ற தமிழ்ப் பெயர்கள் வடமொழியில் விருத்தாசலம் ஆனதுபோல, இக்கரையின் பெயரும் இலத்தீனுக்குப் போய்ப் பறவைகளின் மேல் ஏறிக்கொண்டது.

இந்தக் கொக்கு மட்டுமல்ல. கவுதாரி, குள்ளத்தாரா, சென்னையின் பெயரைத் தாங்கிய வெண்புருவ வாலாட்டி, புதுச்சேரியின் பெயரால் ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட செந்தலைப் பாறு எனப் பல பறவைகளின் அறிவியல் வரலாறு இக்கடற்கரையில்தான் தொடங்குகிறது. உலகப் பறவைகளை இனம் பிரித்து அடுக்கிய முயற்சியின் பெரும்பகுதியை இந்தச் சில பறவைகளின் கதையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

தமிழ் மரபில் பகுப்பு

ஐரோப்பியர் வருமுன் இங்குப் பகுப்பு முறை இல்லை என்று கருதுவது தவறு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அவற்றின் புலனறிவின் எண்ணிக்கையைக் கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. பறப்பவற்றின் குஞ்சுகளுக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்கள் உரியவை என்றும் அது வரையறுக்கிறது. காக்கைக் குஞ்சையும் கிளிக்குஞ்சையும் பிள்ளை என்று அழைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. திணைக் கோட்பாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பறவை கருப்பொருளாகச் சொல்லப்பட்டது. குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை, நெய்தலுக்குக் கடற்காகம், பாலைக்குக் கழுகும் பருந்தும். இது உடலமைப்பைக் கொண்ட பகுப்பு அன்று, வாழிடத்தைக் கொண்ட பகுப்பு. இன்றைய சூழலியல் மாணவருக்கு இது மிகவும் பழக்கமானதாகவே தோன்றும்.

ஊர் மக்களின் பெயர்களிலும் இதே கூர்மை உண்டு. கொக்கு என்று பொதுவாகச் சொன்னாலும் உண்ணிக்கொக்கு வேறு, வயல் வரப்பில் அசையாமல் நிற்கும் மடையான் வேறு என்பது மாடு மேய்க்கும் சிறுவனுக்குத் தெரியும். ஆனால் இப்பெயர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறின. ஓர் ஊரில் ஒரு பறவையைக் குறிக்கும் சொல் அடுத்த மாவட்டத்தில் வேறொன்றைக் குறித்தது. எல்லா ஊர்களுக்கும் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு பெயர் வேண்டும் என்ற தேவையிலிருந்தே நவீன வகைப்பாடு பிறந்தது.

கோட்டையிலிருந்து போன பட்டியல்

இங்கிலாந்தில் பிரான்சிஸ் வில்லபியும் ஜான் ரேயும் உருவாக்கிய பறவையியல் நூல் 1676-இல் வெளிவந்தது. நிலப்பறவை, நீர்ப்பறவை என்று முதலில் இரண்டாகப் பிரித்து, பிறகு அலகையும் காலையும் பார்த்து உட்பிரிவு செய்தது அந்நூல். ரேயின் மறைவுக்குப் பின் 1713-இல் அச்சான மற்றொரு நூலில், சென்னைப் பறவைகள் பற்றிய ஒரு சிறு பட்டியலும் படங்களும் இணைக்கப்பட்டன. அவற்றை அனுப்பியவர் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி. அச்சேறிய இந்தியப் பறவைப் பட்டியல்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.

சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட இயற்கை ஒழுங்கு நூலின் பத்தாம் பதிப்பே இன்றைய விலங்கியல் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி. ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரண்டு சொற்கள் போதும் என்பது அவர் முறை. பறவைகள் அனைத்தையும் அவர் ஆறு வரிசைகளில் அடக்கினார். வளைந்த அலகைப் பெரிதாகக் கொண்டதால் கழுகு, பருந்து, ஆந்தை ஆகியவற்றோடு சின்னஞ்சிறு கீச்சானையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் கீச்சான், இன்றைய பகுப்பில் காக்கையோடும் குருவியோடும் சேரும் பறவை. தோற்றத்தை நம்பி அடுக்கினால் இப்படித்தான் நேரும். ஆயினும் அவருடைய இருசொல் முறை இரண்டரை நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது.

சொன்னேராவும் புதுச்சேரியும்

பியர் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் 1774 முதல் 1781 வரை கீழை நாடுகளில் பயணம் செய்து, புதுச்சேரியிலும் தங்கியிருந்தார். அவருடைய பயண நூல் 1782-இல் பாரிசில் வெளிவந்தது. தமிழர்களின் தொழில்கள், கோயில்கள், பழக்கவழக்கங்களோடு பறவைகளும் அதில் படங்களுடன் விவரிக்கப்பட்டன. ஆனால் அவர் பறவைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்களையே தந்தார். இலத்தீன் பெயர் இடப்படாத பறவை, அறிவியல் ஏட்டில் பெயரற்ற பறவைதான். ஆகவே ஐரோப்பாவில் இருந்த பிறர் அவருடைய படங்களையும் குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பெயர் சூட்டினர். இத்தாலியின் பாவியா நகரில் பேராசிரியராக இருந்த ஸ்கோபோலி 1786-இல் அவ்வாறு பல பெயர்களை வெளியிட்டார். ஜெர்மனியின் க்மெலின், லின்னேயசின் நூலை விரிவாக்கி 1788, 1789 ஆண்டுகளில் வெளியிட்ட பதிப்பில் இன்னும் பல பெயர்களைச் சேர்த்தார். புதுச்சேரிப் பெயர் தாங்கிய கவுதாரியும், சோழமண்டலப் பெயர் தாங்கிய குள்ளத்தாராவும் அங்கே பெயர் பெற்றவையே. இவர்கள் யாரும் இக்கரையில் கால் வைத்ததில்லை.

சொன்னேரா முழுக்க நம்பத்தக்கவரும் அல்லர். நியூ கினிப் பயணம் பற்றி 1776-இல் எழுதிய நூலில், அங்கே இல்லாத பென்குவின்களை அங்கே கண்டதாகப் படம் போட்டார். ஆஸ்திரேலியாவின் கூக்கபரா மீன்கொத்தியையும் நியூ கினிப் பறவை என்றே காட்டினார். அதை நம்பி 1783-இல் சூட்டப்பட்ட நியூ கினிப் பெயர், தவறு என்று தெரிந்த பின்னும் மாறவில்லை. முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடல் விதி. பெயரின் பொருள் பிழையாக இருந்தாலும் அது பெயர்தான்.

அவர் விவரித்தவற்றுள் சாம்பல் காட்டுக்கோழியின் கதை தனிச் சுவை உடையது. வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று சொன்னேரா கருதினார். பின்னர் வந்த சார்லசு டார்வின், செந்நிறக் காட்டுக்கோழியே மூதாதை என்று முடிவு செய்தார். ஒன்றரை நூற்றாண்டு டார்வினின் கருத்தே நிலைத்தது. 2008-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று காட்டியது. பென்குவின் விஷயத்தில் கதை கட்டியவர், கோழி விஷயத்தில் ஓரளவு சரியாகச் சொல்லியிருந்தார். 1813-இல் தெம்மிங்க் என்ற டச்சுக்காரர் அப்பறவைக்குச் சொன்னேராவின் பெயரையே வைத்தார்.

ஒரு கொக்கு, நான்கு பெயர் மாற்றம்

மாட்டுக்கொக்கை லின்னேயஸ் 1758-இல் ஆர்டியா பேரினத்தில் வைத்து ஆர்டியா ஐபிசு என்றார். பிரான்சில் பூஃபோன் வெளியிட்ட வண்ணப்படத் தொகுதிக்கு, டச்சு மருத்துவர் போடார்ட் 1783-இல் இலத்தீன் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். லின்னேயசின் முறையை ஏற்காத பூஃபோன் படங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்களையே இட்டிருந்தார். போடார்ட் அப்பட்டியலில் சோழமண்டலக் கரையின் கொக்குக்குத் தனிப் பெயர் தந்தார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மாடுகளோடு திரியும் பழக்கத்தைக் கொண்ட இக்கொக்குக்குப் புபல்கசு என்ற தனிப் பேரினம் உண்டாக்கப்பட்டது. பிறகு ஆப்பிரிக்கக் கொக்கும் ஆசியக் கொக்கும் ஒரே இனம் என்று சேர்க்கப்பட்டன. இனப்பெருக்கக் காலத்தில் ஆசியக் கொக்கின் தலையும் கழுத்தும் பொன்னிறமாக மாறும் அளவு வேறுபடுவதாலும், பிற வேறுபாடுகளாலும் மீண்டும் பிரிக்கப்பட்டன. மரபணுச் சான்று கிடைத்த பின் அண்மைப் பட்டியல்கள் இதனை ஆர்டியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டன. லின்னேயஸ் வைத்த இடத்துக்கே கொக்கு திரும்பி வந்திருக்கிறது, போடார்டின் சோழமண்டலத்தைக் கூட அழைத்துக்கொண்டு.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றுக்கு இங்கே விடை உண்டு. அறிவியல் பெயர் நிலையானது என்றால் ஏன் மாறுகிறது? சிற்றினப் பெயர் பெரும்பாலும் நிலையானது. பேரினப் பெயர், அப்பறவை யாருக்கு உறவு என்ற கருத்தைச் சொல்வது. கருத்து மாறினால் பெயரும் மாறும்.

புதுச்சேரியின் பாறு

சொன்னேராவின் விவரிப்பைக் கொண்டு ஸ்கோபோலி 1786-இல் பெயரிட்ட பறவைகளுள் ஒன்று செந்தலைப் பாறு. கருத்த உடலும், இறகற்ற சிவந்த தலையும் கொண்டது. ஆங்கிலேயர் நெடுங்காலம் இதனைப் புதுச்சேரிக் கழுகு என்றே அழைத்தனர். அறிவியலுக்கு இந்த இனம் அறிமுகமான இடம் என்று ஏடுகளில் புதுச்சேரியே குறிக்கப்பட்டுள்ளது. அப்படிப் பெயர் வரும் அளவுக்கு அன்று இக்கரையில் காணக் கிடைத்த பறவை அது. இன்று புதுச்சேரியிலோ கடலூர் மாவட்டத்திலோ பாறு கூட்டமாக வட்டமிடுவதைப் பார்த்து வளரும் குழந்தை கிடையாது. தமிழ்நாட்டில் பாறுகள் நிலைத்து வாழும் இடம் என்று சொல்லத்தக்கது நீலகிரியின் அடிவாரத்தில் உள்ள மாயாறு பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த காடுகளுமே.

அழிவின் காரணம் நெடுநாள் புரியவில்லை. 1990-களின் தொடக்கம் முதல் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் மிக விரைவாகக் குறைந்தன. பதினைந்து ஆண்டுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்தன. மாடுகளுக்கு வலி நீக்கியாகத் தரப்படும் டைக்ளோஃபெனாக் மருந்தே காரணம் என்று 2004-இல் உறுதியானது. மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதன் உடலைத் தின்னும் பாறுகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது 2006-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. செந்தலைப் பாறு இப்போது உலக அளவில் மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இதில் வகைப்பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நீண்ட அலகுப் பாறு என்று ஒரே இனமாக எண்ணப்பட்டது உண்மையில் இரண்டு இனம் என்று 2001-இல் காட்டப்பட்டது. தென்னிந்தியாவிலும் நடு இந்தியாவிலும் பாறைகளில் கூடுகட்டுவது ஒன்று, வடகிழக்கிலும் இமய அடிவாரத்திலும் மரங்களில் கூடுகட்டும் மெல்லிய அலகுப் பாறு மற்றொன்று. ஒன்றாக எண்ணியவரை, அந்த இரண்டாவது இனம் எவ்வளவு குறைவாக எஞ்சியுள்ளது என்பது கணக்கிலேயே வராது. தனியாக எண்ணிய பிறகே தனியாகக் காக்க முடியும்.

தமிழிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உள்ளது. இறந்த உடலைத் தின்பவற்றுக்குப் பாறு, எருவை என்ற பழஞ்சொற்கள் இருந்தன. காலப்போக்கில் அவை வழக்கொழிந்து, வேட்டையாடும் பெரும்பறவைக்கும் பிணம் தின்னும் பறவைக்கும் கழுகு என்ற ஒரே சொல் பொதுவாயிற்று. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து அர்ச்சகர் கையால் உணவு பெற்ற புகழ்பெற்ற கழுகுகளும் பாறுகளே, மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஊர் மக்களிடம் கழுகு உண்டா என்று கேட்டால், வானில் சுற்றும் பருந்தைக் காட்டி உண்டு என்று சொல்ல இடமிருக்கிறது. பாறு என்ற சொல்லை இன்றைய பறவை ஆர்வலர்கள் மீட்டெடுத்திருப்பது வெறும் மொழிப்பற்று அன்று. எதைக் காணவில்லை என்று சொல்லவும் ஒரு சொல் வேண்டுமே.

படம் வரைந்தவர்களும் பட்டியல் இட்டவர்களும்

1801-இல் சென்னை உச்சநீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி க்விலிமின் மனைவி எலிசபெத் க்விலிம், ஆறு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை வண்ணத்தில் வரைந்தார். பறவை பிடிப்போர் உயிருடன் கொண்டுவந்தவற்றைப் பார்த்து, இறகு இறகாக அவர் தீட்டிய படங்கள், புகழ்பெற்ற ஆடுபானின் படங்களுக்கு முற்பட்டவை. 1807-இல் அவர் சென்னையிலேயே காலமானார். நூற்றாண்டுக்கும் மேல் மறந்து கிடந்த படங்கள் 1920-களில் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவர் வரைந்தவற்றுள் பல, அறிவியல் பெயர் பெறாத பறவைகள். வெளியிடாததால் பெயரிட்ட பெருமை பிறருக்குப் போயிற்று. அப்பறவைகளைப் பிடித்துத் தந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

முறையான பட்டியல் தாமஸ் ஜெர்டனால் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் 1836-இல் மருத்துவராகச் சேர்ந்த இவர், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையில் வெளியான இலக்கிய அறிவியல் இதழில் 1839 முதல் எழுதினார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த இவருடைய இந்தியப் பறவைகள் நூல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தது. தமிழ், தெலுங்கு, இந்திப் பெயர்களையும் கேட்டறிந்து பதிவு செய்ததே அந்நூலின் தனிச்சிறப்பு.

ஊர்ப்பெயரின் மதிப்பை விளக்க ஜெர்டனின் பெயர் தாங்கிய பறவையே போதும். அவர் கண்டறிந்த ஒரு கல்குருவி இனத்துக்குக் கல்கத்தாவின் எட்வர்ட் பிளைத் 1848-இல் அறிவியல் பெயர் தந்தார். 1900-க்குப் பின் யாரும் அதைப் பார்த்ததாகப் பதிவு இல்லை. அழிந்தது என்றே கருதப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 1986 ஜனவரியில் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் அதை மீண்டும் கண்டனர். பறவையை இரவில் பிடித்துத் தந்தவர் உள்ளூர்க்காரர் ஒருவர். அப்பகுதி மக்களுக்கு அது கலிவிக்கோடி என்ற தெலுங்குப் பெயரால் அறிமுகமான பறவை. அறிவியலுக்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் இல்லாத பறவை, அவர்கள் பேச்சில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

சோலைக்காட்டுப் பறவைகள்

நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் வாழும் சிரிப்பான்களையும், நீல நிறச் சிறு பறவை ஒன்றையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்டனும் பிறரும் விவரித்தனர். ஆனால் அவற்றை எந்தப் பேரினத்தில் வைப்பது என்பது முடியாத வழக்காக நீடித்தது. இமயமலைப் பறவைகளுக்கு உறவு என்று எண்ணி ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் வைத்தனர். 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, இவ்விரு குழுக்களும் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று காட்டியது. நீலநிறப் பறவைகளின் பேரினத்துக்குச் சோலை என்ற சொல்லைக் கொண்டே ஷோலிகோலா என்று பெயர் அமைந்தது. சோலைக்கிளி என்ற வட்டாரப் பெயரும் பொதுப்பெயராக ஏற்கப்பட்டது. தமிழர் கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைப்பர். மலையாளத்தில் அது சிறு பறவைகளுக்கெல்லாம் பொதுச்சொல். பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மலைத்தொடரை அறுத்துவிட, தாழ்நிலத்துக்கு இறங்காத இப்பறவைகள் பல இலட்சம் ஆண்டுகளாக மலைக்கு மலை தனித்தனியே மாறிவந்துள்ளன. ஒரு மலையின் சோலை அழிந்தால் ஓர் இனமே போகும்.

எண்ணிக்கை ஏன் கூடுகிறது

1758-இல் லின்னேயஸ் அறிந்தவை ஐந்நூற்றுச் சொச்சம் பறவை இனங்கள். 1946-இல் எர்னஸ்ட் மயர் ஏறத்தாழ 8,600 என்று கணக்கிட்டார். 2025-இல் பல அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட பொதுப் பட்டியலில் 11,131 இனங்கள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட பறவைகள் சிலவே. தம்முள் கூடி வளமான குஞ்சுகளைப் பெறும் கூட்டமே ஓர் இனம் என்பது மயரின் வரையறை. குரலும் மரபணுவும் அளவுகோலாக வந்த பின், ஒன்றாக எண்ணப்பட்டவை பல இரண்டும் மூன்றுமாகப் பிரிந்தன.

மேல்நிலை உறவுகளிலும் பெரிய மாற்றங்கள் நேர்ந்தன. 2008-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு, வல்லூறுகள் பருந்துக்கும் கழுகுக்கும் நெருங்கியவை அல்ல, கிளிகளுக்கும் குருவியினங்களுக்குமே நெருங்கியவை என்று காட்டியது. கோடியக்கரையில் உயர்ந்து நிற்கும் பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு கொக்கோ நாரையோ அன்று, ஊர்க் குளத்தில் மூழ்கி எழும் முக்குளிப்பான். லின்னேயஸ் ஒரே பேரினத்தில் சேர்த்த அமெரிக்கப் பெரும்பாறும் நம் நாட்டுப் பாறும் தனித்தனிக் குடும்பங்கள். பிணம் தின்னும் தொழில் ஒன்றானதால் மொட்டைத் தலையும் ஒன்றாயிற்று.

தமிழில் இத்துறைக்கு எழுத்து குறைவு என்ற குறை இப்போது மெல்ல நீங்கி வருகிறது. மா. கிருஷ்ணன் பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகள், க. ரத்னம் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த பறவைப் பெயர்கள், ப. ஜெகநாதனும் ஆசையும் உருவாக்கிய படக் கையேடு ஆகியவை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டியவை. இலத்தீன் பெயரை அப்படியே மொழிபெயர்த்துச் செயற்கையாகச் சொல் படைப்பதைவிட, வழக்கில் உள்ள சொல்லைக் கேட்டு எழுதுவதே நல்லது. ரத்னம் செய்தது அதைத்தான்.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. இருக்கும் இடத்திலேயே குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணிப் பதிவு செய்யலாம். பள்ளி மாணவர்களும் கலந்துகொள்கின்றனர். விருத்தாசலத்து வயலோரமாக மாட்டுப் பொங்கல் காலையில் நிற்கும் ஒரு மாணவரின் பட்டியலில், மற்ற எதுவும் இல்லாவிட்டாலும் உண்ணிக்கொக்கு இருக்கும்.